பல்கனித் தட்டியைத் திறக்கச் சொல்ல முதல்

மார்கழி லீவு கிட்ட வர எங்கட கிளிநொச்சிப் பக்கம் குரூஸ் கப்பல் புக்கிங் கேட்டு வாற ஆக்கள் கூடிவிடும். முந்தி இதெல்லாம் வெள்ளைக்காரரின்ர அலுவல் எண்டு விட்டிருந்தம், இப்ப அப்பிடி இல்லை, கனடாவில இருந்து அண்ணன் குடும்பம், லண்டனில இருந்து தங்கச்சி குடும்பம், ஊரில இருந்து அம்மாவும் கடைசித் தம்பியும், எல்லாரும் சிங்கப்பூரில சந்திச்சு மூண்டு நாலு இரவு கப்பலில பினாங், புக்கெற் எண்டு சுத்திப்போட்டு அங்கயே பிரிஞ்சு போகினம். சைவச் சாப்பாடு கிடைக்குமோ எண்டு கேட்டு முடிய அடுத்து வாற கேள்வி இதுதான்: "ரெண்டு றூமின்ர பல்கனிக்கும் நடுவில நிக்கிற மறைப்பை எடுத்து விடுவினமோ?" புதுக்குடியிருப்பில இருந்து வந்த ஒரு அக்கா இன்னும் வடிவாக் கேட்டா, "நடுவில ஒரு பொட்டு வைச்சுத் தருவினமோ தம்பி?"

சகோதரங்களின்ர வளவு பக்கத்தில பக்கத்தில இருந்தா வேலியில ஆள் நுழைஞ்சு போக ஒரு பொட்டு இருக்கும்தானே, கறி கொண்டுபோக, பிள்ளையள் ஓடித்திரிய, றோட்டால சுத்திப் போகத் தேவையில்லை. ஆசை அதேதான், ஆனா இது பத்தாம் தளத்தில, கீழ கடல்.

நான் கப்பலில கபின் ஸ்டூவர்ட்டா, அதாவது பயணிகளின்ர அறையளைத் துப்பரவாக்கிப் பாக்கிற ஆளா, வேலை செய்துபோட்டு வந்து இப்ப இஞ்ச ரிக்கெற் அலுவல் பாக்கிற ஆள், அந்தத் தட்டியளை என்ர கையால திறந்தும் பூட்டியும் இருக்கிறன், அதால இதைக் கொஞ்சம் விளக்கமா எழுதிவிட்டா ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லுற வேலை மிச்சம் எண்டு நினைச்சன்.

முதல்ல அது என்ன சாமான் எண்டு பாப்பம். ரெண்டு பல்கனிக்கும் நடுவில ஒரு தட்டி, கதவு உயரத்துக்கு இருக்கும், கன கப்பலில கீழயும் மேலயும் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பினம், கழுவுற தண்ணி ஓட. திறக்கிற வகை எண்டா ஒரு பக்கத்தில பிணைச்சல் இருக்கும், மற்றப் பக்கம் பூட்டு, அந்தப் பூட்டுக்கு வீட்டுச் சாவி மாதிரி இல்லை, முனை சதுரமாவோ முக்கோணமாவோ இருக்கிற ஒரு தனிச் சாவி, அது ஸ்டூவர்ட்டிட்ட அல்லது மெயின்ரனன்ஸ் ஆக்களிட்டத்தான் இருக்கும். உப்புக்காத்து படிஞ்சு படிஞ்சு சில பூட்டு அசையவே அசையாது, எண்ணெய் ஸ்பிரே அடிச்சு கொஞ்சநேரம் விட்டுத்தான் திருப்புவம். திறந்தாப் பிறகு தட்டியை மடக்கி ஒரு பக்கத்தோட சேத்து கொளுவி இறுக்கிவிடவேணும், இந்தக் கொளுவுறதுதான் முக்கியம், பேந்து சொல்லுறன் ஏனெண்டு. தெரியாத ஆள் சில்லறைக் காசாலயும் சாப்பாட்டுக் கத்தியாலயும் பூட்டைத் திருகிப் பாத்திருக்கினம், பூட்டுத் தலை தேஞ்சுபோய் பிறகு எங்களாலயும் திறக்கேலாது, சேதத்துக்குக் காசு உங்கட பில்லில ஏறும்.

எல்லாத் தட்டியும் திறக்கிற தட்டி இல்லை. இதைத்தான் கன ஏஜென்ற்மார் சொல்லுறதில்லை. பயணிகள் கப்பலை நெருப்புப் பாதுகாப்புக்காக முன்னுக்கிருந்து பின்னுக்கு துண்டு துண்டாப் பிரிச்சிருப்பினம், ஒரு துண்டு பொதுவா 40 மீற்றருக்கு மேல போகாது, சில இடத்தில 48 வரைக்கும் விடுவினம். அந்த எல்லை வாற இடத்தில நிக்கிற தட்டி கன கப்பலில அசையாத இரும்பு, அதை ஆரும் திறக்கேலாது, கப்ரன் வந்தாலும் திறக்கேலாது. சில பெரிய சூட் அறையள், கப்பலின்ர பின்பக்கத்து அறையள், இதுகளிலயும் கனக்க நிரந்தரச் சுவர்தான். ஆனபடியா பக்கத்துப் பக்கத்து அறை கிடைச்சிட்டுது எண்டதுக்காக திறக்கலாம் எண்டு நினைக்கவேண்டாம். கபின் நம்பர்களைக் குடுத்து கம்பனியிட்டக் கேட்டுத்தான் சொல்லலாம்.

நம்பரிலயும் ஒரு விசயம் இருக்கு. கன கப்பலில ஒரு பக்கம் முழுக்க இரட்டை எண், மற்றப் பக்கம் ஒற்றை எண், 8234க்குப் பக்கத்தில 8236தான் இருக்கும், 8235 கப்பலின்ர மற்றப் பக்கத்தில. ஒன்லைனில தாங்களாப் புக் பண்ணிப்போட்டு "அடுத்தடுத்த நம்பர்தானே" எண்டு வந்து நிக்கிற ஆக்களுக்கு என்ன சொல்லுறது, அண்ணன் சூரியன் உதிக்கிறதைப் பாக்க தங்கச்சி மறையிறதைப் பாப்பா. மலிவா வருது எண்டு கரன்ரி கபின் எடுத்தாலும் இதே கதைதான், அறையைக் கம்பனி தன்ர விருப்பத்துக்குத்தான் தரும். கனெக்ற்றிங் கபின் எண்டு வேற ஒண்டும் இருக்கு, அது உள்ளுக்கால கதவு உள்ள ரெண்டு அறை, சின்னப்பிள்ளையளோட போற குடும்பத்துக்கு என்னைக் கேட்டா அதுதான் திறம், பல்கனித் தட்டி பேந்து பாத்துக்கொள்ளலாம். இன்னொண்டு, 2023 ஜூனில காங்கேசன்துறைக்கு சென்னையில இருந்து எம்பிரஸ் கப்பல் வந்தது ஞாபகம் இருக்கும், அந்த மாதிரிக் கப்பலில பல்கனி கேக்கிற ஆக்களும் இருக்கினம், அது 1990இல ஓடத் தொடங்கின கப்பல், அந்தக் காலத்துக் கப்பல்களில பல்கனி அறையே குறைவு.

இனி நெருப்பு விசயம். 2006 மார்ச் 23 விடியக்காலை மூண்டு மணி போல, ஸ்டார் பிரின்சஸ் எண்ட கப்பல் கிராண்ட் கேமன் தீவில இருந்து ஜமேக்காவின்ர மொன்ரிகோ பேக்குப் போய்க்கொண்டிருக்கேக்க ஒரு பல்கனியில நெருப்புப் பிடிச்சது. ஆரோ வீசின சிகரெட் துண்டா இருக்கவேணும் எண்டுதான் விசாரணையில முடிவுக்கு வந்தவை. அந்தக் காலத்தில பல்கனித் தட்டி பொலிகாபனேற் பிளாஸ்ரிக், நிலத்தில போட்ட ஓடும் பிளாஸ்ரிக், கதிரையும் பிளாஸ்ரிக், ஒண்டில பிடிச்சது சில நிமிசத்துக்குள்ள பக்கத்துப் பல்கனியளுக்கும் மேல் தளங்களுக்கும் தாவி, 79 கபின் பாவிக்கேலாமப் போய் இன்னும் 218 சேதமாகி, ஒரு பயணி செத்தார், இன்னும் 13 பேருக்குப் புகை குடிச்சு வைத்தியம் பாத்தவை. கபினுக்குள்ள நெருப்பணைக்கிற தண்ணிக்குழாய் எல்லாம் இருந்தது, ஆனா பல்கனி வெளிப்பக்கம்தானே எண்டு அங்க ஒண்டும் இருக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் அந்த வருசம் டிசம்பரில சோலாஸ் எண்ட சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையில திருத்தம் வந்து, 2008 ஜூலை 1 தொடக்கம் பல்கனித் தட்டி எரியாத பொருளில இருக்கவேணும், கதிரை மேசையும் கெதியில பத்தாத வகையா இருக்கவேணும், கதிரை மேசை அப்பிடி இல்லாட்டி பல்கனிக்கும் நெருப்பைக் கண்டுபிடிக்கிற கருவியும் தண்ணி தெளிக்கிற வசதியும் பூட்டவேணும் எண்டு ஆக்கினவை.

தட்டியைத் திறந்தா நெருப்புப் பத்தும் எண்டு நான் சொல்லேல்லை. நான் சொல்லுறது, அந்தத் தட்டி எங்கட முகத்தை மறைக்க மட்டும் நிக்கேல்லை. ரெண்டு பல்கனி ஒண்டாகினாப் பிறகு அதில எங்கட ஆக்கள் செய்யிற வேலையள் இருக்குதே, ஈரத் துவாயும் சாரத்தையும் கம்பியில காயப்போடுறது, காத்தில பறந்து கீழ்ப் பல்கனியில ஆரின்ரயோ தலையில விழும், அல்லது ஆரோ ஒளிச்சுப் பத்திற சிகரெட் பொறி அதில விழும். பல்கனியில சிகரெட் பத்திறதை இப்ப கன கம்பனியள் தடைசெய்திட்டினம். ஒரு அம்மா விடியக்காலம கிழக்க பாத்து கற்பூரம் கொளுத்த வெளிக்கிட்டவ, நல்லகாலம் மருமகள் கண்டது. கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுதிரி ஒண்டுக்கும் கப்பலில அனுமதி இல்லை அம்மா, கும்பிடுறதை வெறுங்கையோட கும்பிடுங்கோ. நுளம்புத்திரி கொண்டு வந்த ஆக்களும் இருக்கினம், நடுக்கடலில நுளம்பு எங்க இருந்து வாறது!

காத்து. கரையில நிக்கேக்க இலையே ஆடாத நாளிலயும் கப்பல் 20 நொட்டில ஓடினா அதுவே மணிக்கு 37 கிலோமீற்றர் காத்து, முன்னால இருந்து வேற காத்து வந்தா அதையும் கூட்டுங்கோ. தட்டியைச் சரியாக் கொளுவாட்டி இரவு முழுக்க படார் படார் எண்டு அடிக்கும், மேல கீழ எல்லா அறையிலயும் கேக்கும், அதைவிட பிணைச்சல் பக்கம் ஒரு பிள்ளையின்ர விரல் அம்பிட்டா விரல் போச்சு. பல்கனிக் கதவு திறந்திருக்கேக்க உள்பக்கத்து கொரிடோர்க் கதவையும் திறந்தா காத்து ஊடறுத்து அந்தப் பாரக் கதவு அறையிற அறையில கை சிக்கினாலும் அதே கதைதான், இந்தக் காயம் கப்பல் டொக்டரிட்ட அடிக்கடி வாறது. கடல் குழம்பினா கப்பல் மேலிடத்தில இருந்து எல்லாத் தட்டியையும் மூடச் சொல்லி ஓடர் வரும், ஸ்டூவர்ட் வந்து மூடுவான், அவனோட சண்டை பிடிக்காதேங்கோ, அவன் முடிவெடுக்கிற ஆளில்லை. மார்கழி தையில தென்சீனக் கடல் பக்கம் போற கப்பல் எண்டா இது நடக்கும் எண்டே நினைச்சுப் போங்கோ, மலாக்கா நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அமைதி.

எனக்கு உண்மையில பயம் பிள்ளையளாலதான். அமெரிக்காவில 2010இல வந்த சட்டப்படி அங்கத்தைத் துறைமுகங்களுக்குப் போற கப்பல்களில பல்கனிக் கம்பி 42 அங்குல உயரம் இருக்கவேணும், அண்ணளவா 107 சென்ரிமீற்றர், மற்றக் கப்பல்களிலயும் ஒரு மீற்றருக்குக் குறையாது. நாலு வயசுப் பிள்ளை ஒரு மீற்றர் உயரம் வரும், நிலத்தில நிண்டா கம்பி தலைக்கு மேல. ஒரு கதிரையில ஏறினா? கதிரை இருக்கை 45 சென்ரிமீற்றர் எண்டு வையுங்கோ, இப்ப கம்பி பிள்ளையின்ர காலடியில இருந்து 62 சென்ரிமீற்றர், அதாவது நெஞ்சுக்குக் கீழ. இப்ப தட்டியைத் திறக்கேக்க என்ன நடக்குது தெரியுமோ, மடக்கின தட்டிக்கு இடம் விடவும் பிள்ளையள் ஓடவும் எண்டு கதிரை மேசை எல்லாத்தையும் ஒதுக்குவம், ஒதுக்கேக்க ஆக்கள் சாதாரணமா கம்பிப் பக்கம்தான் தள்ளிவிடுவினம், கடலைப் பாத்துக்கொண்டு இருக்கலாம் எண்டு. அதுதான் பிழை. கதிரை எல்லாம் கண்ணாடிக் கதவுப் பக்கத்துச் சுவரோட நிக்கட்டும், பெரியாக்கள் இருக்கேக்க இழுத்துப் போடுங்கோ, எழும்பேக்க திரும்பத் தள்ளுங்கோ.

மற்றது, ரெண்டு குடும்பம் சேந்தா பிள்ளையைப் பாக்கிற ஆள் கூடும் எண்டு நினைப்பம், நடக்கிறது மறுவளம், அண்ணி பாப்பா எண்டு இவ உள்ளுக்குப் போவா, மச்சாள் பாப்பா எண்டு அவ உள்ளுக்குப் போவா. ஆர் பாக்கிறது எண்டு பேர் சொல்லி ஒப்படைக்கவேணும். இரவில உங்கட கண்ணாடிக் கதவை மட்டும் பூட்டினாக் காணாது, தட்டி திறந்திருக்கிற வரைக்கும் அங்கால கதவும் உங்கட கதவுதான், ரெண்டையும் பூட்டினதோ எண்டு ஒரு ஆள் போய்ப் பாக்கவேணும். "எங்கட பிள்ளையள் இரணைமடுக் குளத்தில நீந்துற பிள்ளையள், பயமில்லை" எண்டு ஒரு தகப்பன் சொன்னார். அண்ணை, அந்த உயரத்தில இருந்து விழுந்தா நீச்சல் தெரிஞ்சு பிரியோசனம் இல்லை.

வயசான ஆக்களையும் ஒருக்காக் கேளுங்கோ. முல்லைத்தீவுக் கரையில 2004இல சுனாமியில சொந்தங்களைக் குடுத்த அம்மா ஒருவ, பிள்ளையள் ஆசையா எடுத்துக் குடுத்த பல்கனி அறையில திரைச்சேலையை இழுத்து மூடிவிட்டு இருந்தவ. கடலைப் பாக்கிறது எல்லாருக்கும் சந்தோசம் இல்லை, அப்பிடியான ஆளுக்கு உள் அறை எடுத்துக் குடுத்தா காசும் மிச்சம்.

இவ்வளவும் வாசிச்சுப்போட்டு, சரி வேண்டாம், தட்டி அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டுவிட்டு கம்பிப் பக்கத்தால எட்டி எட்டி தேத்தண்ணிக் கோப்பையும் போனும் கைமாத்துறது இருக்குதே, அது எல்லாத்தையும் விட மோசம். அரைவாசி உடம்பு வெளியில, ஒரு கையில கோப்பை. சில பெடியள் தட்டியைச் சுத்தி அங்கால தாவப் பாக்கிறவங்கள், கமராவில கண்டா அடுத்த துறைமுகத்தில பெட்டியோட இறக்கிவிடுவினம். 2019இல அலூர் ஒஃப் த சீஸ் கப்பலில பல்கனிக் கம்பியில ஏறி நிண்டு படம் எடுத்த பயணியை ஜமேக்காவில இறக்கிவிட்டு, அந்தக் கம்பனிக் கப்பலில இனி ஆயுளுக்கும் ஏறேலாது எண்டு தடை போட்டவை. ஆனபடியா ரெண்டு அறைக்கும் அடிக்கடி போக்குவரத்து இருக்கும் எண்டா கேட்டே திறவுங்கோ, அதுதான் புத்தி.

கேக்கிற விதம்: புக் பண்ணேக்கயே ஏஜென்றிட்டச் சொல்லிக் குறிப்புப் போடுவியுங்கோ, அது வேண்டுகோள்தான், உறுதி இல்லை. ஏறின உடன ஸ்டூவர்ட்டைப் பிடிச்சு நெருக்காதேங்கோ, அந்த நேரம் அவன் முந்தின ஆக்களின்ர அறையளைத் துப்பரவாக்கி புது ஆக்களின்ர பெட்டியளோட மாரடிச்சுக்கொண்டு நிப்பான், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ அடுத்தநாள் காலமயோ ரெண்டு குடும்பத்திலயும் ஒவ்வொரு பெரியாளாப் போய்க் கேளுங்கோ, ஏனெண்டா மற்ற அறைக்காரரும் சம்மதம் எண்டு சொல்லாமத் திறக்கமாட்டினம். திறந்துபோட்டுப் போகேக்க கொளுவினதோ எண்டு நீங்களும் ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ. இதுக்கெண்டு தனிக் காசு எடுக்கிற கம்பனியை நான் காணேல்லை, "ஃபமிலி பல்கனி சார்ஜ்" எண்டு ஆரும் ஏஜென்ற் கேட்டா ரசீது கேளுங்கோ, ஆள் கதையை மாத்துவார். ஏலாது எண்டு ஸ்டூவர்ட் சொன்னா ஒருக்கா ரிசெப்சனில கேக்கலாம், அவையும் ஏலாது எண்டா விடுங்கோ.

புக் பண்ண முதல் பாத்துச் சொல்லச் சொல்லி எனக்கு அனுப்பிற ஆக்கள் கப்பலின்ர பேரையும் ரெண்டு கபின் நம்பரையும் எழுதி அனுப்புங்கோ, தளத்தின்ர படத்தில பாத்து கம்பனியிட்டையும் கேட்டுச் சொல்லலாம். "பெரிய கப்பல், வெள்ளை நிறம், மேல சறுக்கு இருக்கு" எண்டு வொய்ஸ் போட்டா நான் என்னத்தைப் பாக்கிறது.