பத்தில் ஒன்றாக்க, பத்தாயிரத்தில் ஒன்று

மலைக்கு எதிரே நின்று கூவினால் குரல் பரவிக்கொண்டே போய் மோதுகிறது; திரும்பி வரும்போது இன்னொரு தடவை பரவித் தேய்கிறது. ரேடார் அலையும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் போகும்போது நாலில் ஒரு பங்கு, வரும்போது அதிலும் நாலில் ஒரு பங்கு. ஆக, ரேடாருக்குத் திரும்பக் கிடைப்பது 16இல் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் விமானத்தை வடிவமைப்பவர்களின் பாடு புரியும். ரேடார் கண்டுபிடிக்கும் தூரத்தைப் பத்தில் ஒன்றாக்க வேண்டுமானால், விமானம் திருப்பி அனுப்பும் அலையை 10,000இல் ஒன்றாக்க வேண்டும். அப்போது 200 கிலோமீட்டரில் தெரிய வேண்டியது 20 கிலோமீட்டரில்தான் தெரியும். ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் விமானத்துக்கு அது ஒன்றேகால் நிமிடத் தூரம்.

அலையை விழுங்கும் பூச்சு மட்டும் இதற்குப் போதாது. பெரும்பங்கு வடிவத்துடையது. சாய்ந்த சுவரில் அடித்த பந்து கைக்குத் திரும்புவதில்லை அல்லவா? அதேபோல அலை வந்த வழியே போகாதபடி ஒவ்வொரு பரப்பையும் சாய்க்கிறார்கள். குண்டுகளை வயிற்றுக்குள் வைக்கிறார்கள். இந்தியா வடிவமைத்துவரும் ஸ்டெல்த் போர் விமானமான ஆம்காவில் என்ஜினுக்குக் காற்று போகும் குழாயும் வளைந்திருக்கும்; சுழலும் விசிறி முன்னாலிருந்து தெரிந்தால் அதுவே பெரிய எதிரொலி.

விளிம்பில் சிதறும் அலைக்கான கணிதத்தைச் சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்சேவ் 1962இல் மாஸ்கோவில் வெளியிட்டார். அதன் மொழிபெயர்ப்பைப் படித்து விமானமாக்கியவர்கள் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்தார்! அன்றைய கணினியால் தட்டைப் பரப்புகளுக்கு மட்டுமே கணக்குப் போட முடிந்தது. 1981இல் முதலில் பறந்த அவர்களுடைய எஃப்-117 விமானம் பட்டை தீட்டிய கல் மாதிரி இருப்பது அதனால்தான். கணினியின் துணை இல்லாமல் அது நிலையாகப் பறக்காது.

அந்த எஃப்-117 வகை விமானம் ஒன்றை 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில், 1960களில் வந்த சோவியத் ஏவுகணை வகை ஒன்று வீழ்த்தியது. வானத்தைத் துழாவிய ரேடாரின் அலைநீளம் சுமார் 2 மீட்டர். வால், இறக்கை நுனி போன்ற பாகங்களின் அளவை அலைநீளம் நெருங்கும்போது அவை அதிர்வுபோல எதிரொலிக்கின்றன. சாய்வு அங்கே பெரிதாக உதவாது. ஆனால் நீள அலை ‘அந்தப் பக்கம் ஏதோ வருகிறது’ என்று மட்டும்தான் சொல்லும். குறி வைக்க அலைநீளம் குறைந்த ரேடார் வேண்டும். செர்பியர்கள் அதைச் சில நொடிகளே போட்டு அணைத்தார்கள். அதிக நேரம் போட்டால் அந்த அலையையே பிடித்து எதிரி ஏவுகணை வந்துவிடும்.

இந்தச் சிக்கல் விமானிக்கும் உண்டு. எவ்வளவு மறைந்து வந்தாலும் தன் ரேடாரைப் போட்டால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடக்கூடும். எனக்கு ஸ்டெல்த் வடிவத்தைவிட முக்கியமாகப் படுவது இதுதான். இப்போது பல நாடுகள் போர் விமானத்துக்குத் துணையாக ஆளில்லா விமானங்களை உருவாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்னால் போகும் துணை விமானம் ரேடாரைப் போட்டுத் தேடும். விமானி தன் ரேடாரை அணைத்துவிட்டு, அது அனுப்பும் படத்தைப் பார்த்தபடி பின்னால் வருவார்.