லைசென்ஸ் இல்லாத பிளகின் ஃப்ரீ பிளகின் அல்ல

“அண்ணா, பிளகின் ரெடி. மேவன் சென்ட்ரலில் ஏற்றிவிடட்டுமா?” என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். மேவன் என்பது ஜாவா புரோகிராம்களை பில்டு செய்யும் கருவி, பிளகின் அதோடு மாட்டும் துணைக்கருவி, மேவன் சென்ட்ரல் அவற்றை எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கிடங்கு. பில்டு, ரிலீஸ் வேலை பார்ப்பவன் என்பதால் இந்த மாதிரி ஜார்கள் (ஜாவா புரோகிராமைக் கட்டிய கோப்புகள்) என்னைத் தாண்டித்தான் வெளியே போகும். பிளகினின் விவரங்களைச் சொல்லும் பாம் (POM) கோப்பில், லைசென்ஸ் அப்பாச்சி 2.0 என்று அழகாகப் போட்டிருந்தது. சரி என்று சோர்ஸைத் திறந்தால், இரண்டாவது ஜாவா கோப்பின் தலையிலேயே யாரோ ஒருவரின் காப்பிரைட் வரி. பேக்கேஜ் பெயரை மாற்றியவர் அதை அழிக்க மறந்திருக்கிறார். நல்லவேளை, மறந்தார்.

“இது யாருடையது?”

“கிட்ஹப்பில் இருந்தது அண்ணா. லைசென்ஸே போடவில்லை. அப்போ ஃப்ரீதானே?” கிட்ஹப் என்பது புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களை வைத்துப் பகிரும் தளம்.

இந்த வருடத்தில் இதை நான் கேட்பது நான்காவது தடவை.

ஃப்ரீ இல்லை. கோட் எழுதும்போதே அதன் காப்பிரைட் எழுதியவருக்கு வந்துவிடுகிறது. எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. லைசென்ஸ் என்பது அவர் நமக்குத் தரும் அனுமதி. அனுமதி தராதவர் கோடை எப்படி எடுப்பீர்கள்? மொட்டை மாடியில் காயும் வடகத்தைப் பக்கத்து மாடியிலிருந்து யாரும் பார்க்கலாம். அள்ளிக்கொண்டு போக முடியுமா? கிட்ஹப் விதிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான்: பப்ளிக் ரெப்போவை, அதாவது பொதுவில் வைத்த கோட் தொகுப்பைப் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே ஃபோர்க் செய்யலாம் (தன் கணக்கில் நகல் எடுக்கலாம்). அதை உங்கள் ஜாருக்குள் வைத்து மேலே அப்பாச்சி என்று ஒட்ட அந்த அனுமதி போதாது. அடுத்தவர் கோடுக்கு லைசென்ஸ் கொடுக்க நாம் யார்?

இதே தப்பை மறுபக்கத்திலிருந்து செய்கிறவர்களும் உண்டு. “எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் லைசென்ஸ் போடவில்லை” என்பார்கள். ஐயா, நீங்கள் போடாததால்தான் யாரும் எடுக்க முடியவில்லை! யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி லைசென்ஸ் ஒரு பக்கம்கூட வராது. பெயரையும் வருடத்தையும் எழுதி ஒட்ட ஐந்து நிமிஷம் போதும். தயவுசெய்து ஒட்டிவிடுங்கள்.

மேவன் சென்ட்ரலில் ஒரு வெர்ஷன் ஏறிவிட்டால் அதைத் திருத்தவோ அழிக்கவோ முடியாது. அடுத்த வெர்ஷனில் சரிசெய்யலாம், பழையது அப்படியே கிடக்கும். ஆகவே பார்க்க வேண்டியதை ஏற்றுவதற்கு முன்பே பாருங்கள்.

“பிளகின் பில்டு மெஷினில்தானே ஓடுகிறது, பிராடக்ட்டுக்குள் போவதில்லையே” என்பது இன்னொரு சமாதானம். பாதி உண்மை. கோடை உருவாக்கித் தரும் பிளகினாக இருந்தால் அதன் துண்டுகள் உங்கள் பிராடக்ட்டுக்குள் போகலாம். பார்சர்களை (உள்ளீட்டை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் புரோகிராம்களை) உருவாக்கித் தரும் குனு பைசனை எடுத்துக்கொள்ளுங்கள். அது உருவாக்கும் பார்சரில் பைசனின் சொந்தக் கோடும் கலந்திருக்கும். 1.24 வெர்ஷனுக்கு முன்பு அந்தப் பார்சரைச் சுதந்திர மென்பொருளில் மட்டும்தான் பயன்படுத்த முடிந்தது. பிறகுதான் தனி விலக்கு சேர்த்தார்கள். அந்த மாதிரி பிளகின் எழுதுகிறவர் இதைப் பற்றி ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஒரு வரி எழுதினால் என்னைப் போன்றவர்களின் ஒரு நாள் மிச்சமாகும்.

அடுத்தவர் லைப்ரரிகளை ஷேட் செய்து, அதாவது உங்கள் கோடுடன் சேர்த்துக் கட்டி, ஒரே ஜாராக்குகிறீர்களா? ஜாருக்குள் இருக்கும் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நான்கு லைப்ரரிகளின் நோட்டீஸ் கோப்புகளுக்கும் (யாருடைய கோட் என்று சொல்பவை) ஒரே பெயர் என்பதால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அப்பாச்சி 2.0-இல் நோட்டீஸ் கூடவே போக வேண்டும், எம்ஐடியில் காப்பிரைட் வரி போக வேண்டும். நோட்டீஸ்களை ஒன்றுசேர்க்க ஷேட் பிளகினிலேயே டிரான்ஸ்ஃபார்மர் என்ற வசதி இருக்கிறது, போடுங்கள்.

ஆபீஸ் வேலையாக எழுதியதா? இந்தியக் காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முதல் உரிமையாளர் கம்பெனிதான். மேனேஜரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம் பெயர். ‘மேவன்’ என்று தொடங்கி ‘பிளகின்’ என்று முடியும் பெயர்கள் அப்பாச்சி மேவன் குழுவுக்கு மட்டும். நம்முடையதில் நம் பெயர் முன்னால், ‘மேவன்-பிளகின்’ பின்னால். பில்டு ஓடும்போது வரும் லாகே இதைச் சொல்லும். யார் படிக்கிறார்கள்?

தம்பியை அந்த ரெப்போவில் ஒரு இஷ்யூ (உரிமையாளருக்கான கோரிக்கைக் குறிப்பு) போடச் சொன்னேன்: “லைசென்ஸ் கோப்பு சேர்க்க முடியுமா?” இரண்டு நாளில் எம்ஐடி சேர்த்துவிட்டு, தன் கோட் பயன்படுவதில் சந்தோஷம் என்றும் எழுதியிருந்தார் அந்த மனிதர். தம்பி அழிக்க மறந்த காப்பிரைட் வரி இப்போது எங்கள் லைசென்ஸ் கோப்பிலும் இருக்கிறது. பிளகினின் பெயரை மாற்றுவதுதான் பாக்கி.