ஆர்சனேட்டு என்னும் சொல்லும் 'பாடாணத் தாது' என்னும் தொல்லையும்

'துத்தநாக ஆர்சனைட் பாடாணத் தாது.' அரிய கனிமங்களைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் இந்தத் தொடரும் இதன் சாயல்களும் அலுக்கும் அளவுக்கு வந்துவிட்டன. லெக்ராண்டைட்டு என்ற மஞ்சள் படிகத்துக்கு இப்படி ஒரு விளக்கம் எழுதினால், நான்கு சொற்களில் துத்தநாகம் ஒன்றுதான் தேறும். ஆர்சனைட் தவறு, பாடாணம் அதைவிடத் தவறு, தாது தேவையே இல்லாதது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். லெக்ராண்டைட்டின் வாய்பாட்டில் இரண்டு துத்தநாக அணுக்கள், ஓர் ஆர்சனேட்டு (ஓர் ஆர்சனிக்கும் நான்கு ஆக்சிஜன்களும் சேர்ந்த தொகுதி), ஓர் ஐதராக்சில் (OH), ஒரு நீர் மூலக்கூறு. எடையில் ஆர்சனிக் சுமார் 24.6 விழுக்காடு, துத்தநாகம் சுமார் 43 விழுக்காடு. ஒற்றைச்சரிவுப் படிகத் தொகுதி. மோசு அளவில் கடினம் 4.5, ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 4.0. நிறமற்றது முதல் மெழுகு மஞ்சள் வரை கிடைக்கும். நீண்ட பட்டகங்கள் விசிறிபோல் விரிந்து நிற்பது இதன் வழக்கமான தோற்றம். மெக்சிகோவின் நுவேவோ லெயோன் மாநிலத்தில், லம்பாசோஸ் பகுதிச் சுரங்கத்தில் கிடைத்த மாதிரியை வைத்து 1932இல் திரக்மான், ஹே இருவரும் இதைப் புதிய கனிமமாக விவரித்தார்கள். மாதிரியைச் சேகரித்த பெல்ஜியச் சுரங்க மேலாளர் லெக்ராண்டின் பெயரே இதற்கு. இன்று காட்சிக்கூடங்களில் நாம் பார்க்கும் அழகான துண்டுகளில் பெரும்பாலானவை தூராங்கோ மாநிலத்து மாபிமியில் உள்ள ஓஹுவேலா சுரங்கத்தவை.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. பாரசீகத்தில் பொன்னைக் குறிக்கும் 'சர்' என்ற வேரிலிருந்து 'சர்னிக்'. அது சிரியாக்கு மொழி வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் 'ஆர்செனிகோன்' ஆனது. மூன்று மொழிகளிலும் அது அரிதாரத்தின் பெயர், அதாவது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். 'ஏட்டு', 'ஐட்டு' என்ற ஈறுகள் 1787இல் லவாய்சியேவும் அவருடைய தோழர்களும் வகுத்த பெயரிடு முறையிலிருந்து வந்தவை: ஆக்சிஜன் மிகுந்த அமிலத்தின் உப்பு 'ஏட்டு', குறைந்ததன் உப்பு 'ஐட்டு'. ஆக்சிஜனே இல்லாமல் உலோகத்தோடு நேரே சேர்ந்தால் 'ஐடு'. ஆக, கேலியம் ஆர்சனைடு என்னும் குறைகடத்தியில் ஆக்சிஜன் கிடையாது. ஷீலேயின் பச்சை என்ற பழைய வண்ணப்பொடி செம்பு ஆர்சனைட்டு. அதில் ஆர்சனிக்கின் ஆக்சிஜனேற்ற நிலை +3. அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில் ஒரு காலத்தில் தெளித்த ஈய மருந்து ஆர்சனேட்டு, அதில் +5.

கோளாறு தொடங்கும் இடம் ஒரே ஓர் எழுத்து. தமிழில் தனி டகரம் உயிர்களுக்கு நடுவே மென்மையாக ஒலிக்கும், இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். 'ஆர்சனைடு', 'ஆர்சனைட்டு' என்று முழுதாக எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்தை மாற்றிக் காட்டும் வேறுபாட்டை நம் எழுத்து இரட்டிப்பால் காட்டிவிடுகிறது. ஆனால் கடைசி உகரத்தை நறுக்கி 'ஆர்சனைட்' என்று நிறுத்துவதே இப்போது நாகரிகம். நறுக்கிய கணத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'சல்பைட்' என்று எழுதியிருப்பது இரும்புச் சல்பைடா, பழச்சாற்றில் சேர்க்கும் சல்பைட்டா என்று வாசகர் ஊகிக்க வேண்டியதுதான். 'கடைசியில் உகரம் சேர்ப்பது பண்டிதத் தமிழ்' என்று கேலி செய்பவர்கள், அந்த உகரம் இங்கே அலங்காரத்துக்கு நிற்கவில்லை என்பதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இலங்கைப் பாடநூல் மரபு இதை வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே கார்பன் டை ஆக்சைடு 'காபனீரொட்சைட்டு', நைட்ரேட்டு 'நைத்திரேற்று', நைட்ரைட்டு 'நைத்திரைற்று'. அதாவது மென்மைக்கு 'ட்டு', வன்மைக்கு 'ற்று'. உள்ளுக்குள் ஒழுங்கான முறைதான். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் 'ஐட்டு' என்று படிப்பதும் இலங்கை வாசகர் 'ஐட்டு' என்று படிப்பதும் வெவ்வேறு பொருள்கள் என்பதை மறந்து, இரண்டு மரபின் கலைச்சொல் பட்டியல்களையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கும் தொகுப்பாளர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது? ஒரு கட்டுரையில் ஒரு மரபு. அவ்வளவுதான் வேண்டுவது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கால்சைட்டு, அடமைட்டு, லெக்ராண்டைட்டு என்று கனிமப் பெயர்களின் வாலில் வரும் 'ஐட்டு' கல்லைக் குறிக்கும் கிரேக்க ஈறு. வேதியியல் 'ஐட்டு'க்கும் அதற்கும் உறவில்லை. லெக்ராண்டைட்டு என்ற பெயரைப் பார்த்து, இதுவும் ஓர் 'ஐட்டு', ஆகவே ஆர்சனைட்டு என்று முடிவு கட்டியவர்கள் இருப்பார்கள் என்றே தோன்றுகிறது. பெயரின் வால் கனிமத்தின் வேதியியலைச் சொல்லாது.

இனி 'பாடாணம்' கட்சிக்கு வருவோம். ஆர்சனிக்குக்கு நம்மிடம் நூற்றாண்டுகளாகப் பாடாணம் என்ற சொல் இருக்க, ஆங்கிலச் சொல் எதற்கு என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாயிருக்கிறது. முதல் இடறல், பாடாணம் தமிழ்ச்சொல்லே இல்லை. வடமொழிப் பாஷாணம், பொருள் 'கல்'. சிறுநீரகக் கல்லுக்குக் கொடுக்கும் மூலிகைக்குப் பாஷாணபேதி என்ற பெயர் வந்தது அதனால்தான். 'பாடாணக் கனிமம்' என்றால் 'கல் கனிமம்' என்றாகிறது. தூய்மைக்காகத் தொடங்கிய பயணம் ஒரு கடன்சொல்லைத் துரத்திவிட்டு இன்னொரு கடன்சொல்லின் வீட்டில் போய் நிற்கிறது.

அதையும் விட்டுவிடலாம், பொருளாவது பொருந்துகிறதா? சித்த மருத்துவத்தில் பாடாணம் என்பது ஒரு தனிமத்தின் பெயர் அன்று, நச்சுச் சரக்குகளின் தொகுதிப் பெயர். பிறவி 32, வைப்பு 32 என்று மொத்தம் 64 என்பது மரபுக் கணக்கு. அந்தக் கூட்டத்தில் கெந்தகம் இருக்கிறது, அது கந்தகம். லிங்கம் இருக்கிறது, அது பாதரசச் சல்பைடு. பூரமும் வீரமும் பாதரசக் குளோரைடுகள். ஆர்சனிக் உள்ளவை அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாடாணம் போன்ற சில. பழனி முருகன் சிலை நவபாடாணத்தால் ஆனது என்ற நம்பிக்கையைச் சொல்லும்போது எவரும் ஒன்பது ஆர்சனிக் சேர்மங்களை நினைப்பதில்லை. ஒன்பது சரக்குகளைத்தான் நினைக்கிறார்கள்.

இந்தச் சரக்குகளை, கனிமங்களை வேதிக்கட்டைக் கொண்டு வகுக்கும் நிக்கல்–சுட்ரன்சு வகைப்பாட்டில் வைத்துப் பாருங்கள். கந்தகம் 1ஆம் வகுப்பு, தனிமங்கள். அரிதாரமும் மனோசிலையும் லிங்கமும் 2ஆம் வகுப்பு, சல்பைடுகள். பூரம் 3ஆம் வகுப்பு, ஆலைடுகள். வெள்ளைப் பாடாணம் ஆர்சனிக்கின் ஆக்சைடு, ஆகவே 4ஆம் வகுப்பு. ஆர்சனேட்டுகள் இருப்பதோ பாஸ்பேட்டு, வனடேட்டு இவற்றோடு 8ஆம் வகுப்பில். நான்கு வகுப்புகளில் சிதறிக் கிடக்கும் ஒரு சொல்லை எடுத்து, அது தலைகாட்டாத ஐந்தாவது இடத்துக்குப் பெயராக வைக்கிறார்கள். நம் மரபுக்கு அரிதாரம் தெரியும், மனோசிலை தெரியும். அந்தச் சொற்களை அந்தந்தக் கனிமத்துக்குத் தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். அரிதாரத்தை 'ஆர்பிமென்ட்' என்று எழுதுபவரைத் திருத்த வேண்டியதும் இதே கோபத்தோடுதான். ஆனால் வெளிர் மஞ்சள் துத்தநாக ஆர்சனேட்டுக்கு மரபில் பெயர் இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டாம்.

'அப்படியானால் அரிதாரத்திலிருந்தே புதுச்சொல் ஆக்கலாமே, ஆர்சனிக்கின் வேர்ப்பொருளும் அதுதானே' என்று ஒரு மிதவாதக் குரல் எழும். வேர் பொருந்துகிறது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அரிதாரம் இன்று கூத்துக்காரர் முகத்தில் பூசுவது. அந்த மஞ்சள் பொடியே முகப்பூச்சாக இருந்து, பிறகு எல்லா முகப்பூச்சுக்கும் பெயரானது. 'துத்தநாக அரிதாரவேட்டு' என்று எழுதிவிட்டு அதற்கு விளக்கமாக ஆர்சனேட்டு என்றும் எழுத வேண்டிவரும். பிறகு எதற்கு அந்த முதல் சொல்?

தாது என்ற சொல்லும் அடங்க மாட்டேன் என்கிறது. உலோகம் எடுக்க இலாபமாக வெட்டக்கூடியது தாது. இயற்கையில் உருவான, திட்டமான வேதிக்கட்டுடைய திண்மம் கனிமம். பாக்சைட்டு அலுமினியத் தாது. லெக்ராண்டைட்டை உருக்கித் துத்தநாகம் எடுப்பார் உலகில் யாருமில்லை. கிடைக்கும் அளவு அப்படி. போதாக்குறைக்கு 'தாது உப்புகள்' என்றால் கீரையில் இருப்பவை என்று சத்துணவு விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. 'ஆர்சனேட் தாது உப்பு' என்று எழுதுகிறவர், எடையில் நான்கில் ஒரு பங்கு ஆர்சனிக் உள்ள பொருளைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கம் நகர்த்துகிறார். 'அரிய' என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 'அரிய கனிமம்' எளிதில் அகப்படாதது. 'அருமண் கனிமம்' வேறு, அது சீரியம், நியோடிமியம் போன்றவற்றைக் கொண்டது. மோனசைட்டு அருமண் கனிமம், ஆனால் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளும் அளவுக்கு உண்டு.

ஈற்றெழுத்துப் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கும் நிக்கல்–சுட்ரன்சு வகைப்பாடே அளவுகோல். ஆர்சனைடு என்றால் கனிமம் 2ஆம் வகுப்புக்குப் போகிறது, நிக்கல் ஆர்சனைடான நிக்கலைன் அங்கேதான் இருக்கிறது. ஆர்சனைட்டு என்றால் 4. ஆர்சனேட்டு என்றால் 8. காரணம் வடிவத்தில் இருக்கிறது. ஆர்சனேட்டில் ஆர்சனிக்கைச் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நான்முகியாக நிற்கும். பாஸ்பேட்டும் வனடேட்டும் அதே நான்முகி; அளவும் நெருக்கமானது என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்துவிடும். ஆகவே மூன்றும் ஒரே வகுப்பு. ஆர்சனைட்டில் மூன்று ஆக்சிஜன்கள்தான், உச்சியில் தனி எலக்ட்ரான் இணை உட்கார்ந்திருக்கும் தட்டைக் கூம்பு. அது நான்முகியின் இடத்தில் பொருந்தாது.

8ஆம் வகுப்புக்குள் பிரிப்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகளால்: ஐதராக்சில் போன்ற கூடுதல் எதிரயனி உண்டா, நீர் உண்டா? துத்தநாக ஆர்சனேட்டுகளை மட்டும் வைத்தே இவற்றால் வரும் நான்கு பிரிவுகளையும் நிரப்பலாம். இரண்டும் இல்லாதது நமீபியாவின் சுமேபில் கிடைத்த இசுட்ரான்சுக்கைட்டு, அதில் கொஞ்சம் செம்பும் உண்டு. ஐதராக்சில் மட்டும் உள்ளது அடமைட்டு. நீர் மட்டும் உள்ளது கோட்டிகைட்டு. இரண்டும் உள்ளது நம் லெக்ராண்டைட்டு. அடமைட்டின் வாய்பாட்டில் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்தால் லெக்ராண்டைட்டின் வாய்பாடு வந்துவிடும். அந்த ஒரு நீரால் பிரிவு மாறிவிடுகிறது. எனவே 'நீரேறிய' என்ற அடைமொழியை மிகை என்று வெட்டும் தொகுப்பாசிரியர் தெரியாமல் கனிமத்தையே மாற்றிவிடுகிறார். விளக்கம் இப்படி இருந்தால் போதும்: ஐதராக்சில் கொண்ட, நீரேறிய துத்தநாக ஆர்சனேட்டுக் கனிமம்.

அடமைட்டும் லெக்ராண்டைட்டும் ஓஹுவேலாவில் ஒரே பழுப்பு லிமோனைட்டுப் பாறை மேல், ஏறக்குறைய ஒரே மஞ்சளில் உட்கார்ந்திருக்கும். அடமைட்டின் கடினம் 3.5, ஒப்படர்த்தி 4.4 அளவில். யுரேனைல் (யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) துளி கலந்த அடமைட்டு புறஊதா விளக்கில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். லெக்ராண்டைட்டு பொதுவாகச் சும்மா இருக்கும். ஒளிராத அடமைட்டும் உண்டு என்பதால் விளக்கை மட்டும் நம்பிச் சீட்டு எழுதக் கூடாது. மேலே படிந்த கால்சைட்டைப் போக்க ஐதரோகுளோரிக் அமிலத்தில் முக்குவது சேகரிப்பாளர் பழக்கம். இந்த இரண்டையும் முக்கினால் கால்சைட்டோடு கனிமமும் கரையும், ஆர்சனிக் அமிலநீரில் சேரும். பொடியாக்கக் கூடாது, சூடாக்கிப் பார்க்கக் கூடாது, தொட்டபின் கையைக் கழுவ வேண்டும்.

கனிம அலமாரிக்கு வெளியே இந்த ஈறு இன்னும் முக்கியம். குடிநீரில் ஆர்சனிக்கின் வரம்பு இலிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நடுநிலை நீரில் ஆர்சனேட்டு மின்சுமையோடு இருக்கும், இரும்பு ஐதராக்சைடு வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். ஆர்சனைட்டு பெரும்பாலும் மின்சுமையின்றி இருப்பதால் நழுவிப்போகும். முதலில் குளோரின் போன்ற ஒன்றால் அதை ஆர்சனேட்டாக மாற்றிவிட்டுத்தான் வடிகட்ட வேண்டும். வங்காளப் பகுதிக் கிணறுகளைப் பற்றிய தமிழ்க் குறிப்பில் இரண்டுக்கும் 'ஆர்சனைட்' என்று எழுதியிருந்தால், அந்த முதல் படி எதற்கு என்றே படிப்பவருக்குப் புரியாது.

இதே கையோடு கணினி மொழிபெயர்ப்பு கொண்டுவரும் மற்றவற்றையும் சொல்லிவிடலாம். ஒப்படர்த்தியைக் 'குறிப்பிட்ட ஈர்ப்பு' என்கிறது. உராய்வுத் தடத்தைக் 'கோடு' என்கிறது. கடினத்தை 'வலிமை' என்கிறது. சுத்தியால் தட்டினால் பொடியாகும் வைரம் 'வலிமை 10' என்று அச்சாகிவிடுகிறது. கலைச்சொல் பட்டியல்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆர்சனைட் என்ற இடங்களை ஒருமுறை தேடி, மூலத்தில் உள்ளது எது என்று பார்த்து, டு, ட்டு, ஏட்டு என்று திருத்த அரைமணி நேரம் போதும்.