பின்தங்கியது யார்?

‘பக்வர்ட் கொம்பாட்டிபிலிட்டி’ என்பதற்குப் ‘பின்தங்கிய இணக்கத்தன்மை’ என்று இன்னுமொரு கணினிப் பயிற்சிக் கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் ‘பின்தங்கிய’ என்றால் அறிக்கைகளில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் அடைமொழி. “சேர், இது படுவான்கரைக்கெண்டு விட்ட வேர்ஷனா?” என்று அந்தக் கரையின் வவுணதீவுப் பிள்ளையொன்று கேட்டது. கேள்வியில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை.

கருத்து நேரானது. ஒரு செய்நிரல் மொழிக்குப் புதிய பதிப்பு வந்த பிறகும், பழைய பதிப்பில் எழுதியது கைவைக்காமலே ஓட வேண்டும். ‘கொம்பாட்டிபிள்’ இலத்தீனில் ‘கூடத் துன்புறுதல்’ என்ற வினையில் பிறந்து, ஒன்றையொன்று பொறுத்துச் சேர்ந்திருக்கக்கூடியது என்று ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

உயர்தர வகுப்பில் பைதன் என்ற செய்நிரல் மொழி படிக்கிற பிள்ளைகளுக்கு நான் காட்டும் உதாரணம் நள்ளிரவு. பைதனில் ஒரு பொருளை ‘இஃப்’ என்ற நிபந்தனைச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தால், மொழி அதை உண்மை அல்லது பொய் என்று மாற்றிப் பார்க்கும். பூச்சியம் பொய், ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச் சரமும் பொய். நேரத்தைக் குறிக்கும் பொருள்களில், இரவு 12 மணியும் பொய்யாக இருந்தது! கொழும்பு பஸ்களின் பட்டியலை வைத்து ‘நேரம் குறித்திருக்கிறதா?’ என்று பார்க்கச் செய்நிரல் எழுதினால், 11.30 பஸ்ஸுக்கு நேரம் உண்டு, 12 மணி பஸ்ஸுக்கு நேரமே போடவில்லை என்று சொல்லும். 12 மணியைக் கொடுத்துச் சோதிக்காதவருக்கு இந்தக் கோளாறு பிடிபடாது. இது தவறி நுழைந்ததுமல்ல, ஆவணத்தில் எழுதியே வைத்திருந்த நடத்தை. அதை நம்பி யாராவது எழுதியிருந்தால் என்ன செய்வது என்ற தயக்கம்தான் இங்கே நாம் பேசும் சொல். கடைசியில் 2015இல் வந்த 3.5 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். பிஎச்பி என்ற இன்னொரு செய்நிரல் மொழியும் இப்படித்தான்: பூச்சியத்தையும் ‘மீன்’ என்ற சரத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று சொல்லிவந்த பழக்கத்தை 2020இல், 8ஆம் பதிப்பில்தான் விட்டது.

‘பின்தங்கிய’ இயந்திர மொழிபெயர்ப்பில் வெட்டி ஒட்டியது, விட்டுத்தள்ளலாம். என் சண்டை படித்தவர்கள் எழுதும் ‘பின்னோக்கிய இணக்கம்’ என்பதோடு. ஆங்கிலக்காரனுக்குக் கடந்தகாலம் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது. நமக்கு அப்படியா? முன்னோர் போய்ச் சேர்ந்தவர்கள், பின்னோர் இனிப் பிறக்கப்போகிறவர்கள். முந்தாநாள் போனது, பின்னேரம் வரப்போவது. வரிசையில் முந்தியது ‘முன்’, பிந்தியது ‘பின்’. அப்படியிருக்க, பழைய பதிப்போடு ஒத்துப்போவதைப் ‘பின்’ என்று தொடங்கினால் தமிழ்ப்பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கும்? ‘முன்னேற்றம்’ இருக்கிறதே என்பார்கள். அது நடக்கிறவன் எட்டிவைக்கும் திசை. பதிப்புகள் நடந்து போவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ‘ஒன்றன்பின்’ என்பதிலேயே பின்னால் வருவது புதியதுதானே.

‘இணக்கம்’ இன்னும் மோசம். இணங்குவதென்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே பழையதால் விட்டுக்கொடுக்க முடியாது. எழுதினவர் வேலையை விட்டுக் கட்டாருக்குப் போயிருப்பார், செய்நிரலில் ஒரு வரி அசையாது. வளைய வேண்டியது புதியது மட்டும்தான். அதற்கு நம்மிடம் ‘இசைந்து கொடுத்தல்’ இருக்கிறது. ‘பொருத்தம்’ என்று எழுதலாம்தான், ஆனால் சாதகம் பார்க்கும் நினைப்பு வந்துவிடுகிறது.

ஆகவே நான் எழுதுவது ‘முற்பதிப்பு இசைவு’. புதிய பதிப்புக்கென எழுதியதைப் பழையதும் தாங்கிக்கொள்வது இதற்கு மறுபக்கம், அது ‘பிற்பதிப்பு இசைவு’. ‘பின்னோக்கிய’, ‘முன்னோக்கிய’ என்று படித்த பிள்ளைகள் இந்த இரண்டையும் பரீட்சையில் மாற்றி எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவர் ஊர்ப் பிள்ளைகளின் கையில் இன்று கிடைக்கும் கையேட்டில், ஆங்கில வாக்கியத்தின் எலும்பு அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது. மொழிபெயர்த்தவர் அந்த நாலு வரி பஸ் செய்நிரலை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் ‘பின்தங்கிய’ என்று கை எழுதியிராது. தமிழ்ச்சொல் அமையாவிட்டால் ‘கொம்பாட்டிபிள்’ என்றே விடுங்கள், தனித்தமிழ் பேசும் நானே சொல்கிறேன். பிழையான தமிழைத் திருத்துவதைவிட ஆங்கிலத்தை விளக்குவது வகுப்பில் லேசு.

‘முற்பதிப்பு’ அச்சுக்கு முந்திய படியையும் குறிக்கலாமே என்று ஒரு நண்பர் இழுத்தார். நியாயம்தான். அந்த ஐயம் வரும் இடத்தில் ‘முந்தி எழுதினதும் ஓடும்’ என்று போட்டுவிடுகிறேன்.