டேங்க் நிறைய தண்ணீர், ஷவரில் நூல் மாதிரி

மாடி வீட்டில் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் புகார் இருக்கும். தலைக்கு மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் தளும்ப நிற்கிறது, கீழ் வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் வாளி அதிரக் கொட்டுகிறது, டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிற மாடி ஷவரில் மட்டும் தண்ணீர் நூல் நூலாக வடிகிறது. உடனே ஒருவர் "டேங்கைப் பெருசா மாத்துங்க" என்பார், இன்னொருவர் "பிரஷர் பம்ப் போடுங்க" என்பார். முதல் யோசனை சுத்தமாகத் தப்பு. இரண்டாவது சில வீடுகளுக்குச் சரி, பல வீடுகளுக்கு வெட்டிச் செலவு.

டேங்க் எவ்வளவு பெரியது என்பது தண்ணீரின் அழுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம். அழுத்தம் என்பது உயரம் மட்டும்தான்: டேங்குக்குள் தண்ணீரின் மேல்மட்டம் எங்கே இருக்கிறது, நீங்கள் திறக்கும் குழாய் எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி. 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும்; ஓர் அடிக்கு 0.03 பார் என்று வைத்துக்கொள்ளலாம். 500 லிட்டர் டேங்கோ 5000 லிட்டர் டேங்கோ, ஒரே மட்டத்தில் தண்ணீர் நின்றால் கீழே ஒரே அழுத்தம்.

இப்போது மாடி வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மாடி வீட்டுத் தரையிலிருந்து மொட்டைமாடித் தளம் 10 அடி. அதற்கு மேல் 3 அடி ஸ்டாண்டில் டேங்க். ஆக டேங்கின் அடி 13 அடியில் இருக்கிறது. ஷவர் 7 அடியில். மிச்சம் 6 அடி, அதாவது 0.18 பார். இதே டேங்கிலிருந்து கீழ்வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு 20 அடி கிடைக்கிறது, 0.6 பார். மூன்று மடங்குக்கு மேல். கடையில் பளபளவென்று தொங்குகிற அகலமான ரெயின் ஷவர்களில் பல, குறைந்தது 0.5 பாராவது இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

உயரத்தை டேங்கின் அடியிலிருந்து எடுத்தேன், ஆனால் உண்மையில் அதைத் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் மூன்றரை அடி கூடுதலாகக் கிடைக்கும். கீழ்வீட்டுக்கு அது 20-க்கு மேல் மூன்றரை, கண்ணுக்கே தெரியாது. மாடி ஷவருக்கோ 6 அடி ஒன்பதரை ஆகிறது. காலையில் மோட்டார் போட்டவுடன் குளிப்பவருக்கு நன்றாக வருகிறது, பத்து மணிக்குக் குளிப்பவருக்கு வடிகிறது என்று சண்டை நடக்கிற வீடுகளில் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

சரி, அந்த 6 அடியாவது முழுசாகக் கிடைக்கிறதா? அதுவும் இல்லை. 1640களில் டோரிசெல்லி என்ற இத்தாலியர், துளை வழியாக வெளியேறும் தண்ணீரின் வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு விதி சொன்னார்: ஓர் உயரத்திலிருந்து விழும் கல் அடியில் என்ன வேகத்தில் வருமோ, அந்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் தொட்டியின் அடியில் துளை போட்டால் தண்ணீரும் அதே வேகத்தில்தான் வெளியே வரும். 6 அடிக்கு அது வினாடிக்கு கிட்டத்தட்ட 6 மீட்டர். அரை இஞ்ச் சிபிவிசி (வீட்டுக்குள் போடும் ஒருவகை பிளாஸ்டிக்) பைப்பின் உள்விட்டத்துக்கு இந்த வேகத்தைப் போட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு 43 லிட்டர் வர வேண்டும். நான்கு வாளிக்கு மேல்! வருகிறதா? ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் பைப்பில் பிடித்தாலே ஏழெட்டு லிட்டர் வந்தால் பெரிய விஷயம். மீதியெல்லாம் டேங்குக்கும் ஷவருக்கும் நடுவே இருக்கிற பைப்பு, எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு), வால்வுகளில் உராய்ந்தே போய்விடுகிறது. டேங்கைப் பார்க்கிறோம், குழாயைப் பார்க்கிறோம், சுவருக்குள் புதைந்த அந்த நடுப்பகுதியைத்தான் மறந்துவிடுகிறோம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவு கொஞ்சம்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, கண்ணாடி மாதிரித் தெரிகிற அந்த லெவல் டியூப், அதில் நீளமாக ஒன்று வாங்கி ஒரு முனையைக் குளியலறைக் குழாயில் கசியாமல் மாட்டுங்கள். மறுமுனையை மொட்டைமாடி வரை தூக்கி, டேங்க் பக்கத்தில் கட்டிவிட்டுக் குழாயைத் திறங்கள். டியூபில் தண்ணீர் மெதுவாக ஏறி, டேங்குக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் வந்து நிற்கும். வழியில் பைப்பு எத்தனை வளைவு வளைந்தாலும், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. தண்ணீர் ஓடாதவரை உராய்வே கிடையாது, இழப்பும் கிடையாது. இப்போது வீட்டில் ஒருவரை அதே லைனில் இருக்கும் இன்னொரு குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். டியூபில் தண்ணீர் சர்ரென்று கீழே இறங்கும். இரண்டு அடி இறங்கினால், டேங்கிலிருந்து உங்கள் இரண்டு குழாயும் பிரியும் இடம் வரைக்குமான பைப்பு அந்தத் தண்ணீரை ஓடவிட்டதற்காக இரண்டு அடி உயரத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். குழாயை மூடச் சொன்னால் திரும்ப ஏறிவிடும். நீங்கள் குளிக்கும்போது சமையலறையில் பாத்திரம் கழுவினால் ஷவர் ஏன் சோர்ந்துபோகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பைப்பு எவ்வளவு தின்னும் என்பது அதன் உள்விட்டத்தைப் பொறுத்தது, அதுவும் நாம் நினைப்பதைவிட மிகக் கொடூரமாக. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹேசன், வில்லியம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் தந்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் குடிநீர்க் குழாய்க் கணக்குக்கு உலகம் முழுக்கப் போடுகிறார்கள். அதன்படி, விட்டம் இரட்டிப்பானால் அதே உயரத்தில் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கும் அல்ல, ஆறு மடங்குக்கு மேல். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் துருவும் உப்பும் படிந்து துவாரம் பாதியாகிவிட்டால், வரும் தண்ணீர் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்றும் இதைத் திருப்பிப் படிக்கலாம். அப்படிப்பட்ட பைப்பை அறுத்து உள்ளே பார்த்தவர்களுக்குத் தெரியும், பழுப்பாகக் கட்டிகட்டியாக மேடு தட்டி, நடுவில் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை ஒன்று இருக்கும்.

பழைய பைப்பை மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் விழுகிற பள்ளம் இன்னொன்று. 'அரை இஞ்ச்' என்று கடையில் கேட்டால் எல்லா அரை இஞ்சும் ஒன்றல்ல. ஜிஐ அரை இஞ்ச் பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். வீட்டுக்குள் நாம் போடுகிற சந்தன நிற சிபிவிசி, செம்புக் குழாயின் அளவுமுறையைப் பின்பற்றுவது. அதன் அரை இஞ்சில் உள்விட்டம் 12 மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். வழவழப்பாக இருப்பதால் சிபிவிசி இந்த நஷ்டத்தில் கொஞ்சம் ஈடுகட்டும், முழுசாக ஈடுகட்டாது. "புது பைப்பு போட்டேன், தண்ணீர் முன்னைவிடக் கம்மி" என்று சொல்கிறவர்கள் கற்பனை செய்யவில்லை. ஜிஐ அரை இஞ்ச் இருந்த இடத்தில் சிபிவிசி முக்கால் இஞ்ச் போடுங்கள், அதன் உள்விட்டம் 18 மில்லிமீட்டர்.

அப்புறம் எல்போ. ஒவ்வொரு 90 டிகிரி எல்போவும் அந்தப் பைப்பின் விட்டத்தைப் போல 30 மடங்கு நீளமுள்ள நேர் பைப்புக்குச் சமம். அரை இஞ்சில் அது ஒன்றேகால் அடி, பெரிய விஷயமில்லை, எட்டுப் பத்து சேர்ந்தால்தான் உறைக்கும். பெரிய கள்ளன் வேறு ஒருவன் இருக்கிறான்: குளியலறைச் சுவரில் கைப்பிடி மட்டும் வெளியே தெரிகிற, பல சுற்று சுற்றித் திறக்கும் ஸ்டாப் காக். அதற்குள் தண்ணீர் நேராகப் போவதில்லை, ஏறி இறங்கி வளைந்து போகிறது. இந்த மாதிரி குளோப் வகை வால்வு முழுசாகத் திறந்திருந்தாலே விட்டத்தைப் போல 340 மடங்கு பைப்புக்குச் சமம், அதாவது அரை இஞ்ச் லைனில் 4 மீட்டருக்கு மேல். கால் திருப்பில் திறக்கும் பால் வால்வு வெறும் 3 மடங்கு. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! மாடி வீட்டில் பால் வால்வைத் தவிர வேறு எதையும் போடவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. 6 அடி உயரம், 10 மீட்டர் அரை இஞ்ச் சிபிவிசி, எட்டு எல்போ, ஒரு குளோப் வால்வு: நிமிடத்துக்குச் சுமார் 7 லிட்டர். அதே வழி, அதே எல்போ, அதே வால்வு, பைப்பை மட்டும் முக்கால் இஞ்சாக்கினால் கிட்டத்தட்ட 18 லிட்டர். விலை வித்தியாசம் வீடு கட்டும் செலவில் தூசு. ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் செய்ய வேண்டுமென்றால் கதை வேறு. டேங்கிலிருந்து இறங்கும் மெயின் லைன் ஒன்றேகால் இஞ்ச், கிளைகளுக்கு ஒன்று, குளியலறைக்குள் முக்கால், குழாய்க்குப் பக்கத்தில் கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் அரை என்று நல்ல பிளம்பர் குறைத்துக்கொண்டே வருவது இதற்காகத்தான். காசு பறிக்கப் பார்க்கிறார் என்று நினைத்து அவரிடம் பேரம் பேசுகிற இடம் இதுவல்ல.

இவ்வளவும் சரியாக இருந்தும் தண்ணீர் வராத வீடு உண்டு. டேங்க் ஒருநாள் காலியாகி, மறுபடி நிரப்பியதும் ஒரு குழாயில் மட்டும் புஸ் புஸ்ஸென்று காற்று துப்பி, நாலு சொட்டு சொட்டி நின்றுவிடும். ஏர் லாக். பைப்பு எங்காவது மேலே ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று மாட்டிக்கொள்கிறது. மொட்டைமாடித் தரையில் ஓடிவந்து, கைப்பிடிச் சுவரின் மேலேறிக் குதித்து, வெளிச்சுவரில் இறங்கும் பைப்பை எத்தனை வீட்டில் பார்க்கிறோம்? அந்தச் சுவர்தான் மேடு. அதைத் தாண்டி இறங்கும் பகுதியில் 2 அடிக்குக் காற்று நின்றால், அங்கே 2 அடித் தண்ணீரின் கனம் இல்லை. காற்றுக்கு மேலேயும் கீழேயும் ஒரே அழுத்தம்தான். ஆகவே உங்கள் உயரத்தில் 2 அடி போச்சு. கீழ்வீட்டுக்கு 20 அடியில் 2 அடி போனால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் வேகமாக ஓடிக் காற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். மாடிக்கு 6 அடிதான், இப்படி மூன்று மேடு இருந்தால் கதை முடிந்தது, ஒரு சொட்டும் வராது. மெதுவாக ஓடும் தண்ணீருக்குக் காற்றுக் குமிழியைக் கீழே தள்ளும் தெம்பும் கிடையாது, குமிழி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அவசரத்துக்கு, அழுத்தமான வேறு லைனிலிருந்து (மோட்டார் லைன் இருந்தால் நல்லது) ஒரு ஹோஸை அடைபட்ட குழாயில் மாட்டித் தண்ணீரைப் பின்பக்கமாக ஏற்றினால் காற்று டேங்க் வழியாக வெளியேறிவிடும். நிரந்தரத் தீர்வு, சுவரின் மேலேறாமல் அதில் துளை போட்டுப் பைப்பை இறக்கிக்கொண்டே கொண்டுபோவது. முடியாவிட்டால் மேட்டின் உச்சியில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, வாய் திறந்த ஏர் பைப்பை நட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டும். அதன் உச்சி டேங்கின் நிறைமட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும், இல்லையென்றால் டேங்க் நிறையும்போதெல்லாம் அது வழியே தண்ணீர் மொட்டைமாடியில் கொட்டும்.

ஒரே மெயின் லைனில் மாடியும் கீழ்வீடும் இருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். கீழே இரண்டு மூன்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டால், இறங்கும் தண்ணீர் மேலே இருக்கும் கிளையிலிருந்து உறிஞ்சும். மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்குப் பதிலாக ஸ்ஸ்ஸென்று காற்று உள்ளே போகும். மாடிக்கு டேங்கிலிருந்தே தனி லைன் எடுப்பது ஒன்றுதான் இதற்கு மருந்து.

பம்புக்கு வருவோம். அதற்கு முன் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில் அதன் துவாரங்கள் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டி அடைத்திருக்கும், ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். வெறும் பைப்பிலும் தண்ணீர் வரவில்லை என்றால் பைப்பு, வால்வு, காற்று இம்மூன்றில் ஒன்று. டேங்க் ஸ்டாண்டை 3 அடியிலிருந்து 7 அடியாக்கினால் மாடி ஷவருக்கு 6 அடி என்பது 10 அடி ஆகும், தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன், தூணோ பீமோ இல்லாத இடத்தில் அதைத் தூக்கி நிறுத்தாதீர்கள்.

இவை எதுவும் வழியில்லை என்றால் பம்ப் போடலாம், தப்பில்லை. ஆனால் ஒல்லிப் பைப்பில் தண்ணீரை இரட்டிப்பாக்க அழுத்தத்தை மூன்றரை மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டும், அதாவது பம்பின் உழைப்பில் பெரும்பகுதி உங்கள் அரை இஞ்சுப் பைப்பைச் சூடாக்கத்தான் போகும். வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: தண்ணீர் ஓடுவதை உணர்ந்து தானாக ஆன் ஆகும் வகைகளுக்கு, தொடங்குவதற்கே ஓரளவு ஓட்டம் வேண்டும், மாடி ஷவரில் வடிகிற நூலுக்கு அது விழிக்காமலேயே போகலாம். அழுத்தம் குறைந்தால் ஆன் ஆகும் வகை அந்த வீடுகளுக்குப் பொருந்தும், கசிகிற குழாய் ஒன்று இருந்தால் மட்டும் அது ராத்திரி முழுக்க ஆன் ஆகி ஆன் ஆகி நிற்கும். எதுவானாலும் அதை டேங்கின் வெளிவாய்க்குப் பக்கத்தில், டேங்கின் அடியைவிடத் தாழ்வாக வையுங்கள்.