ஒரு சாப்டரில் எத்தனை பேர் இருக்கலாம்?

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் சங்கத்தை சொரோரிட்டி என்பார்கள்; ஒரு வளாகத்தில் அதற்கு இருக்கும் கிளைதான் சாப்டர். போன செப்டம்பரில் ஒரு சொரோரிட்டி சாப்டரின் திங்கள்கிழமைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். செயலாளராக இருக்கும் பெண் வருகைப் பதிவைக் காட்டினாள். 214 பெயர்கள். அதில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து மூன்று வாரமாக 'வரவில்லை' என்றிருந்தது. "இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்றேன். "ஃபைன் போட்டாச்சு" என்றாள். யாராவது ஃபோன் செய்தீர்களா என்று கேட்டதும் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. புதிதாகச் சேர்பவளைக் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளும் மூத்த பெண்ணை 'பிக்' என்பார்கள். இவளுடைய பிக் அந்த செமஸ்டர் படிக்க ஸ்பெயின் போய்விட்டாள். வகுப்புக்கும் போகாமல், சாப்பிடக் கீழேயும் இறங்காமல், அந்தப் பெண் விடுதி அறைக்குள்ளேயே கிடந்தது மறுநாள்தான் தெரியவந்தது.

யாரும் கெட்டவர்கள் இல்லை. 213 பேரும், வேறு யாராவது அவளோடு பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவியர் சங்கங்களுக்கு ஆலோசகராகப் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சில வருடங்களாக நம் தமிழ் வீடுகளிலிருந்தும் ஃபோன் வருகிறது. "அக்கா, பொண்ணு சொரோரிட்டில சேரணும்ங்கறா. பெரிய சாப்டராப் பாத்துச் சேரச் சொல்லட்டுமா? அதுதானே பாதுகாப்பு?" இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிது என்றால் இங்கே உண்மையிலேயே பெரிது. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரே சாப்டரில் நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபக் கூட்டம் அது. சொரோரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் 1902-இல் தொடங்கியது. 26 சொரோரிட்டிகள் அதில் இருக்கின்றன. அவற்றின் சாப்டர்கள் நினைத்தபடியெல்லாம் ஆள் சேர்க்க முடியாது. இரண்டு எண்கள் கட்டுப்படுத்தும். முதலாவது கோட்டா, அதாவது சுற்றுச் சுற்றாக நடக்கும் முறையான ஆள்சேர்ப்பில் (ரெக்ரூட்மென்ட்) ஒரு சாப்டர் எத்தனை புதியவர்களை எடுக்கலாம் என்பது. கடைசிச் சுற்றில் 400 பெண்கள், எட்டு சாப்டர்கள் என்றால் ஏறக்குறைய ஐம்பது. இரண்டாவது டோட்டல், ஒரு வளாகத்தில் சாப்டர் ஒன்றுக்கு இருக்க வேண்டிய மொத்த அளவு. அந்த அளவுக்குக் கீழே இருப்பவர்கள் மற்ற நாட்களிலும் ஆள் சேர்க்கலாம். டோட்டலைத் தாண்டிவிட்ட சாப்டரும் கோட்டாவை முழுசாக நிரப்பிக்கொள்ளலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரியது மேலும் பெரிதாவது அந்த வழியில்தான்.

டோட்டலை எந்த முறையில் கணக்கிடுவது என்பதில்தான் உண்மையான சண்டை. ஐந்து சாப்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 60, 110, 120, 150, 210 பேர். சராசரி 130. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை 120. அதைப் பிடித்தால், ரெக்ரூட்மென்ட் முடிந்த பிறகு ஆள் சேர்க்க முடிவது 60-க்கும் 110-க்கும் மட்டும். மிகப் பெரியதான 210-ஐப் பிடித்தால் நான்கு சாப்டர்களுக்கும் கதவு திறக்கும். வருகிற பெண்கள் முதலில் 150-இன் வாசலுக்குப் போவார்கள், பிறகு 120-க்கு. அறுபது பேர் இருக்கும் சாப்டர் வாசலில் பலூன் கட்டிக் காத்திருக்கும்.

இதை நான் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மிகப் பெரிய சாப்டரின் அளவையே டோட்டலாக வைக்கலாம் என்று, சாப்டர் பிரதிநிதிகள் உட்காரும் வளாகக் கவுன்சிலுக்குப் பரிந்துரைத்தவள் நான்தான். எல்லாருக்கும் வாய்ப்பு என்று நினைத்தேன். பிரதிநிதிகள் கை தூக்கினார்கள். நாற்பத்து நாலு பேர் இருந்த சாப்டர் அடுத்த இரண்டு வருடத்துக்குள் மூடப்பட்டது. கடைசித் தலைவியாக இருந்த பெண் சாவிக்கொத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள். அதை இன்னும் நான் மறக்கவில்லை.

சாப்டர்கள் பெருக்க ஆசைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் சாப்டர் வீடு. அறுபது கட்டில் உள்ள வீட்டுக்குக் கடன், சமையல்காரர், காப்பீடு, கூரை வேலை எல்லாம் உண்டு. அங்கே தங்காதவர்களும் பார்லர் ஃபீ என்று தனியாகக் கட்டுவார்கள். ஆள் கூடினால் தலைக்கு வரும் பாரம் குறையும் என்று பொருளாளர் கணக்குக் காட்டுவாள். கணக்கு சரிதான். ஆனால் கூரை ஒழுகுகிறது என்பதற்காகப் பதினெட்டு வயதுப் பெண்கள் எழுபது பேரைச் சேர்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நான் பார்க்கும் அளவுகோல் வேறு. புதிய பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பிக்காக இருக்க மனமும் நேரமும் உள்ளவர்கள் எத்தனை பேர்? அறுபது புதியவர்கள் வந்து, முன்வருகிற மூத்தவர்கள் முப்பத்தைந்து பேர்தான் என்றால், ஒருத்திக்கு இருவர், மூவர் என்று பங்கு போடுவார்கள். அன்றைக்குப் புகைப்படம் எடுக்கும்போது எல்லாரும் குதிப்பார்கள். அக்டோபர் தேர்வு வந்ததும் அந்த மூவரில் அமைதியானவள்தான் முதலில் விடுபட்டுப் போகிறாள். ஒரு வருடம் பங்கு போட்டால் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு வருடம் போட்டால் அந்த சாப்டர் தாங்கக்கூடிய அளவை மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

சின்னதாக இருப்பதிலும் கஷ்டம் உண்டு. முப்பது பேர் இருக்கும் இடத்தில் ஒவ்வொருத்தியும் இரண்டு பொறுப்பு சுமப்பாள். சீனியர் பத்துப் பேர் ஒரே மே மாதத்தில் பட்டம் வாங்கிப் போனால் மீதிப் பேர் மூச்சுத் திணறிப் போவார்கள். ஆனால் சின்னது என்றால் நலிந்தது என்று அர்த்தமில்லை. 1998-இல் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா என்று தெற்காசியப் பெண்களுக்கான சொரோரிட்டிகள் தொடங்கின. அவை இந்த கோட்டா, டோட்டல் கணக்குக்குள் வருவதில்லை. நம் பெண்கள் பலர் தங்களுக்கு ஒத்துவரும் இடமாக அவற்றைத் தேடிப் போகிறார்கள். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் அப்படி பான்ஹெலெனிக் கணக்குக்கு வெளியே நிற்பதுதான். ஏறக்குறைய நாற்பது வருடம் கழிந்தும் அந்தத் தோழமை அவரோடு வந்ததை எல்லாரும் பார்த்தோம்.

எல்லா சாப்டர்களும் நிரம்பி வழிந்தால், இருக்கிற வீடுகளிலேயே மேலும் திணிப்பதற்குப் பதில் புதிய சொரோரிட்டி ஒன்றை வளாகத்துக்கு அழைக்கலாம். அதற்கும் கவுன்சிலில் ஓட்டெடுப்பு உண்டு. பெரிய சாப்டர்கள் சுலபத்தில் சம்மதிக்காது. தங்கள் பங்கு குறையும் என்ற பயம். அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது படிக்கட்டையும் சரவிளக்கையும் பார்த்து மயங்க வேண்டாம். "ஒரு பொண்ணு ஒரு வாரம் கண்ணில் படலேன்னா, முதல்ல யாருக்குத் தெரியும்?" என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல சாப்டரில் சட்டென்று ஒரு பெயர் சொல்வார்கள். "எங்ககிட்ட ஆப் இருக்கு" என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

அந்த 214 பேர் சாப்டரில் இப்போது பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தி வியாழக்கிழமைக்குள் மற்ற எல்லாரோடும் பேசியிருக்க வேண்டும். பேசியதைப் பென்சிலால் குறித்துச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். அறைக்குள் கிடந்த பெண் ஒரு செமஸ்டர் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் குழுவின் பட்டியலை இப்போது அவள்தான் குறிக்கிறாள். அடுத்த மாதம் டோட்டல் கணக்கிடும் முறை மறுபடி கவுன்சிலுக்கு வருகிறது. இடைநிலையை வைக்கும்படி கேட்கப்போகிறேன்.