"நம்பர் தெரியுதே தம்பி!"

இந்த மழைக்கு இது நாலாவது பை. கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு பாட்டியும் மூத்த மகனும் எங்கள் வங்கிக் கிளையில் என் கவுன்ட்டருக்கு வந்தார்கள். மஞ்சப்பைக்குள் எலி கொறித்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். தாத்தா மாடு விற்ற காசை விறகுப் பரணில் சொருகிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்ததும் தேடல். மூத்தவர் இளையவரைச் சந்தேகப்பட, இளையவர் மச்சானை. குறி கேட்டதில் "வெள்ளையா ஒண்ணு தெரியுது" என்றாராம் சாமியாடி. பழி பால்காரர் தலையில் விழுந்தது. மூன்று மாதம் கழித்து விறகு எடுக்கும்போது பிடிபட்ட திருடனுக்கு வால் இருந்தது.

பாட்டி ஒரு துணுக்கை நீட்டினார். "நம்பர் தெரியுதே தம்பி, முழுசா குடு."

இந்த நம்பர் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ! நம்பரை வைத்துப் பணம் தருவதில்லை. பரப்பளவுதான் கணக்கு. ஐந்நூறு ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம்; 99 சதுர செ.மீ. அதில் ஒட்டுப்போடாத ஒரே பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதாவது 250 ரூபாய். அதற்கும் கீழே போனால், இரண்டு நம்பரும் பளிச்சென்று தெரிந்தாலும் ஒரு பைசா கிடையாது. ரிசர்வ் வங்கியின் 2009 விதி இது. என் கைக்காசில் தர முடியாதே, பாட்டி!

நனைந்த நோட்டை இஸ்திரி போடாதீர்கள். அடுப்பு மேல் காயவைக்காதீர்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அதைப் பிரிப்பதற்குள் எங்கள் பாதி நாள் போய்விடும். கட்டியாக ஒட்டிப்போயிருந்தால் கத்தியால் நெம்பாமல் அப்படியே வையுங்கள். அது கிளையில் எடுக்கிற சரக்கு இல்லை, சென்னை ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டியது. மற்றபடி கிழிந்த நோட்டை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம், கணக்கு வேண்டியதில்லை. 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய நோட்டு அகப்பட்டால் என்னிடம் கெஞ்சிப் பயனில்லை. பத்துக்கு மேல் வைத்திருப்பதே 2017 சட்டப்படி குற்றம்.

ஜூனில் மூடும் மேகம் பெட்டிக்குள் இருக்கும் கம்பளியையே பூசணம் பிடிக்கவைக்கும் ஊர் இது. காகிதம் தாங்குமா? கணக்கில் போட்டு வாரிசு பெயர் எழுதுங்கள். ஒளித்துத்தான் வைப்பேன் என்றால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒரே ஒரு ஆளிடமாவது இடத்தைச் சொல்லிவையுங்கள்.

பாட்டியின் பையில் பாதி நோட்டுக்குப் பாதி விலை தேறியது. மிச்சம் குப்பை. பால்காரர் இன்னும் அந்த வீட்டுப் படி ஏறவில்லையாம்.